செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மாட்டுத்தொழுவம்

பத்தாம் வகுப்பில் அறிவியலில் தோற்றவள் நான். மறைக்க மாட்டேன். ஆனால் செவ்வாய்க் கிரகத்தில் கிறிஸ்துமஸ் குடில் வைத்தது தப்பு என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்கு நிற்பேன். தப்பு மண்ணில் மட்டும்தான் நடந்தது. (அதை ஒப்புக்கொள்ளவே எனக்கு மூன்று வருடம் ஆனது.)

எங்கள் வீடு தெலுங்குப் பக்கம், ஏ.எஸ்.ராவ் நகரில், மூன்றாவது மாடி. வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் இருக்கிற தெரு. நான் ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் பாலாநகரில் ஃபிட்டர். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து தீர்த்தம் தெளித்துக் குடில்களை மந்திரிப்பார். கூடவே எங்கள் பகுதி ஜெபக் குழுவும் வரும். அதற்குத் தலைவர் அந்தோணி அண்ணன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். குறை சொல்வதில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அந்த வருடம் கொத்தமல்லிக் கட்டைச் சுற்றி வந்த செய்தித்தாளில் செவ்வாயின் படம் இருந்தது. சிவப்பு மண், ஒரு ஈ காக்கை கிடையாது. மனிதர்கள் அங்கே குடியேறப் போகிறார்களாம். எனக்கு ஒரே கவலைதான்: போகிறவர்கள் கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வார்கள்?

ஆரம்பித்துவிட்டேன். பொம்மை ஆளுக்கு ஒரு அங்குல உயரம், அதுதான் கணக்கு. ஸ்வீட் டப்பாவின் வளைந்த மூடிகள் கண்ணாடி வீடுகளாயின. செத்துப்போன ரேடியோவின் உள்பலகை மின்நிலையமானது. மருந்து பாட்டில் மூடிகளை வைத்து ஆறு சக்கர வண்டி. தையலுக்குக் கோடு போடும் பல்சக்கரத்தை மண்ணில் உருட்டினேன், வண்டித் தடம் அச்சு அசலாக விழுந்தது. இடையர்களுக்கு வெள்ளி உடை, மாத்திரை அட்டைத் தகடு.

மண்தான் தகராறு. செங்கல் பொடி போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "ஏய், இந்த ஆளுக்கு ஒவ்வொரு பொடியும் பாறாங்கல் மாதிரி இருக்குடி" என்றார். உண்மைதான். நைசாக, அதே சிவப்பில் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு வருடத்துக்கென்று மில்லில் அரைத்து வைத்திருந்த குண்டூர் மிளகாய்ப்பொடி.

தட்டு நிறையப் பரப்பினேன். படத்தில் இருந்த மண் அப்படியே வந்து உட்கார்ந்தது. (அறிவியல் டீச்சர் பார்த்திருந்தால் மார்க்கைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.)

செய்தி பரவியது. அந்தோணி அண்ணன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"கைக்கும்மா, எதுக்கும்மா இதெல்லாம்? ஆட்டுக்கு ஹெல்மெட்டா?"

"அங்க காத்து இல்லண்ணே. ஆடு செத்துப்போகாதா?"

"அப்ப பாலனுக்கு ஏன் போடல?"

"காத்தைப் படைச்சவரே அவருதான். அவருக்கு எதுக்கு?"

"நக்கோ மா, வேணாம். சாமியார் இதை மந்திரிக்க மாட்டார், எழுதி வெச்சுக்கோ."

"பெத்லகேமைத் தவிர வேற எங்கயும் வரமாட்டேன்னு ஆண்டவர் எழுதிக் குடுத்திருக்காராண்ணே?"

வாய்தான் அப்படிப் பேசியது. என் வீட்டுக் குடிலை மட்டும் மந்திரிக்காமல் போனால், கோவிலில் நான் எந்த முகத்தோடு உட்காருவேன்? மூன்று நாள் கூடுதலாக ஜெபமாலை சொன்னேன்.

மந்திரிக்கும் நாள் சாயங்காலம் பதினைந்து பேர் பாடிக்கொண்டே வந்தார்கள். சாமியார் கையில் தீர்த்தச் செம்பு. அந்தோணி அண்ணன் கையில் சாம்பிராணி புகையும் தூபக்கலசம். சாமியார் குடிலைப் பார்த்தார். சின்ன வண்டித் தடத்தை மட்டும் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனார். அது தொழுவத்தின் வாசலில் போய் நின்றது. என் இதயமும் அங்கேயே நின்றது.

அப்போது அந்தோணி அண்ணன் இன்னும் ஒரு குறை கண்டுபிடிக்கக் குனிந்தார். கலசம் சாய்ந்தது. இரண்டு கங்குகள் செவ்வாயில் இறங்கின.

முதல் தும்மல் அவருடையதுதான். அடுத்த நொடியில் பாட்டுக்குழு முழுவதும் இருமல்குழு ஆனது. கீபோர்டுக்காரன் மாடிப்படிக்கு ஓடினான். கீழ்வீட்டு லட்சுமிகாரு மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்து, "ஏமண்டி, திஷ்டி தீசாரா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். மிளகாய் சுற்றிப் போட்டுத் திருஷ்டி கழித்தீர்களா என்று!

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், மிளகாய் சுற்றுவது விசுவாசம் இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று முழங்கியிருந்தேன். அந்தோணி அண்ணன் சம்சாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஊருக்குத்தான் உபதேசம்!" அண்ணன் இருமலுக்கு நடுவே கத்தினார். "சாமியார் முன்னாடியே மிளகாயைக் கொளுத்துறா!"

"கொளுத்தினது நீங்க!" நான் கண்ணீரோடு கத்தினேன். "நான் பரப்பத்தான் செஞ்சேன்!"

"இவ்வளவு நெடி அடிச்சா மீ இண்ட்லோ திஷ்டியே லேது" என்று, வீட்டில் திருஷ்டியே இல்லை என்பதற்கு லட்சுமிகாரு எனக்காகச் சாட்சி சொன்னார். அது எனக்கு எந்தவிதத்திலும் உதவவில்லை.

சாமியார்தான் காரியம் செய்தார். புகை வந்த இடத்தில் தீர்த்தச் செம்பை அப்படியே கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது. செவ்வாயில் முதல் முறையாகத் தண்ணீர் ஓடியது.

அண்ணன் விடுவாரா? "சாமி, இதை மந்திரிக்கப் போறீங்களா?"

"மத்த வீட்டுக்கெல்லாம் நாலு துளி தெளிச்சாரு, என் வீட்டுக்கு ஒரு செம்பு ஊத்தியிருக்காரு" என்றேன் நான். "இதுக்கு மேல என்னண்ணே மந்திரிக்கணும்?"

சாமியார் அங்கியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த அம்மா சொல்றது சரிதான்" என்றார். "இத்தனை வருஷம் பிரசங்கம் வெச்சிருக்கேன், ஒருத்தர் அழுததில்ல. இன்னிக்குப் பதினஞ்சு பேரும் அழுதாச்சு."

அடுத்த வருடத்திலிருந்து கோவில் அறிவிப்பில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: 'குடிலில் சமையல் பொருட்கள் பயன்படுத்தக் கூடாது.' அதை வாசிக்கும்போது கோவிலே என்னைப் பார்க்கும். நான் முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். செவ்வாய்க் குடிலை நான் நிறுத்தவில்லை. செங்கல் பொடியை மூன்று முறை சலிக்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டில் யார் இருமினாலும் என் மகள் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் கேட்கிறாள்: "மம்மி, இவங்களும் மார்ஸ் போயிட்டு வந்தாங்களா?"