விசா சாமியும் இன்னொரு பொட்டலமும்

கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் விசா சாமி இருக்கும் இடத்தை யாரிடமும் கேட்க வேண்டாம். கரும்புத் தோட்டத்து ஓரமாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும், கொட்டகை வந்துவிடும். சங்கராபுரம், ரிஷிவந்தியம் என்று நாலா பக்கத்திலிருந்தும் பாஸ்போர்ட்டை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு ஜனம் வந்து குவிந்தது. ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் எலுமிச்சம்பழம் வாங்க அலைந்தார்கள்.

சாமியின் பழைய பெயர் பிச்சைமுத்து. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்த்தவர். அவர் காட்டிய இடத்திலெல்லாம் புழுதிதான் வந்தது. தண்ணீர் வரவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. விசா வரவில்லை என்று தெரிய மாதக்கணக்காகும். அதனால் தொழிலை மாற்றிக்கொண்டார். அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஓர் உலக வரைபடம் ஏறியது. கனடாவுக்குக் குங்குமம், ஆஸ்திரேலியாவுக்குச் சந்தனம். ஒரு பையனுடைய பாஸ்போர்ட்டில் போட்டோ மேலேயே விபூதியைக் குழைத்துப் பூசிவிட்டார். முகம் தெரியவில்லை என்று தூதரகத்தில் திருப்பி அனுப்பினார்கள். சனியின் பார்வை என்றார் சாமி. ஊரும் ஆமாம் என்றது.

அவருடைய முறை எளிமையானது. வெற்றிலையில் மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. சிவப்பு வந்தால் போகலாம், வெள்ளை வந்தால் போகக் கூடாது. எடுக்காத பொட்டலத்தைச் சாமி அந்த நிமிஷமே நெருப்பில் போட்டுவிடுவார். அது அம்மனுடையதாம். மனிதன் பிரித்தால் கண் அவிந்துவிடுமாம்.

அன்று வரிசையில் செவ்வந்தியும் நின்றாள். தானாக வரவில்லை, அம்மா கொளஞ்சியம்மாள் இழுத்து வந்திருந்தாள். கரும்பு வெட்டிப் படிக்க வைத்த மகளுக்கு ஜெர்மனியில் மண்ணியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, உதவித்தொகையோடு. தேர்வுக்குப் படித்தது, பேராசிரியர்களிடம் பரிந்துரை வாங்கியது, கட்டுரை எழுதியது எல்லாம் அவளே. வருகிறேன் என்று அன்று மாலைக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். அம்மா சம்மதிக்காமல் போகமாட்டாள். அம்மாவோ, கேட்க வேறு நாதியில்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான், சாமியைத்தான் கேட்பேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

வரிசையில் நின்றவர்களிடம் ஒருவர் அன்பாக விசாரித்துக்கொண்டே வந்தார். இருசப்பன். பிள்ளைகளை வெளிநாட்டுக் கல்லூரிகளில் சேர்த்துவிடும் ஏஜெண்டு. எந்த நாடு, யார் மூலமாக என்று கேட்டார். எல்லாம் நானே பார்த்துக்கொண்டேன் என்றாள் செவ்வந்தி. அப்படியா, ரொம்பச் சந்தோஷம் என்றவர் கொட்டகையின் பின்வழியாக உள்ளே போய் வந்தார். பக்தி அதிகம் போலிருக்கிறது.

இவர்களுக்கு முன்னால் நின்றவர் கள்ளக்குறிச்சியில் செருப்புக்கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷா. மகனுக்குக் கனடா, இருசப்பன் மூலமாக. சிவப்பு வந்தது. பாய் கண் கலங்கினார். இந்த நாட்டில் மத ஒற்றுமையை மோசடிக்காரர்கள்தான் ஒழுங்காகக் காப்பாற்றி வருகிறார்கள்.

செவ்வந்தி எடுத்தாள். வெள்ளை.

அந்த நாட்டு மண் இந்தப் பொண்ணுக்கு ஆகாது, இருசப்பனிடம் கேட்டு வேறு நாடு பாருங்கள் என்றார் சாமி. மற்ற பொட்டலம் நெருப்புக்குப் போனது. கொளஞ்சியம்மாள் அப்படியே குந்திவிட்டாள்.

செவ்வந்தி எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருசப்பன் ஆட்களுக்கெல்லாம் சிவப்பு, சொந்த முயற்சிக்காரர்களுக்கெல்லாம் வெள்ளை. அம்மனுக்கும் கமிஷன் உண்டா என்ன?

"சாமி, மனசு ஆறல. இன்னொரு வாட்டி கேக்கறேன்" என்றாள்.

இன்னொரு தட்சிணை என்றால் சாமிக்குக் கசக்குமா? புதிதாக இரண்டு பொட்டலம் வைத்தார். செவ்வந்தி ஒன்றை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். சாமியின் கை நீளுவதற்குள் இன்னொன்றையும் எடுத்து அதே கையில் வைத்தாள்.

"ரெண்டையும் பிரிம்மா. ஒண்ணு வெள்ளன்னா இன்னொண்ணு செவப்பா இருக்கணும். இருந்துட்டா நான் எங்கயும் போவல, வூட்லயே இருக்கேன்."

சாமி எழுந்து நின்றுவிட்டார். அம்மன் பொருளைத் தொட்டவள் சாயங்காலத்துக்குள் குருடியாவாள் என்று சபித்தார். கூட்டம் நாலடி பின்வாங்கியது. கவுஸ் பாஷா மட்டும் குனிந்து, "இந்தாம்மா, வச்சிடு. கண்ணு சமாச்சாரம்" என்று கெஞ்சினார்.

கொளஞ்சியம்மாள் கையிலிருந்ததையும் மகள் முகத்தையும் பார்த்தாள்.

"கண்ணு போனா போவுது பாய். எம் பொண்ணு படிப்பு போவுதே."

கரும்புச் சோகை கிழித்துக் காய்த்துப்போன விரல்களால் நூலை அறுத்தாள். வெள்ளை. மற்றதையும் அறுத்தாள். அதுவும் வெள்ளை.

சாமிதான் முதலில் தேறினார். அம்மனுக்குக் கோபம் ஜாஸ்தி, அதனால்தான் ரெண்டு தடவை வேணாம் என்கிறாள் என்றார்.

கவுஸ் பாஷாவுக்கு வேறு யோசனை வந்துவிட்டது. செருப்புக்கடைக்காரர் அல்லவா, எந்த அளவு எந்தப் பெட்டியில் இருக்கும் என்று தேடிப் பழக்கம். சாமியின் பலகைக்கு அடியில் கையை விட்டு இரண்டு கூடைகளை இழுத்தார். ஒன்றில் பிரித்ததெல்லாம் சிவப்பு, மற்றதில் பிரித்ததெல்லாம் வெள்ளை.

"இன்னா சாமி, ஹோல்சேலா?" என்றார்.

ஜனம் இருசப்பனைத் தேடியது. அவரும் இல்லை, அவர் வண்டியும் இல்லை. சாமிக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. மிச்சக் கதையைச் சங்கராபுரம்காரர்கள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள்.

வெளியே வாய்க்கால் மதகுமேல் கொளஞ்சியம்மாள் உட்கார்ந்தாள். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். கரும்பு தெரிந்தது, மலை தெரிந்தது.

"அப்ப நான் யாரத்தான் கேக்கறது?" என்றாள்.

"என்னையக் கேளும்மா."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"உனக்குப் பயமா இல்லியா?"

"இருக்கு. அதுக்கோசரம் போவாம இருக்க முடியுமா?"

கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அனுப்பு" என்றாள். செவ்வந்தி போனை எடுத்தாள். மதகுமேல் நன்றாகவே சிக்னல் இருந்தது.

சாமி இப்போது வேறு ஊரில் வேலைவாய்ப்புச் சாமியாக இருக்கிறார் என்று கேள்வி. கூட்டமும் இருக்கிறதாம், இல்லாமலா போகும்? போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒரு பொட்டலத்தை நீட்டுகிறவனிடம் மற்றதையும் கேளுங்கள். அதைப் பிரித்தால் கண் போய்விடும் என்று அவன் சொன்னால், உங்கள் கண்ணைக் கண்டு பயப்படுகிறவன் அவன்தான்.