பாத்திரம் துலக்குவதில் மனத்தின் பங்கு

இனிமேல் பாத்திரம் துலக்குவதில்லை என்று நம்ம ஆள் முடிவு கட்டியது, அடிபிடித்த ஒரு பால் பாத்திரத்தின் முன்னிலையில். கையில் கம்பி நார், முழங்கை வரை சோப்பு நுரை, நெஞ்சில் மகத்தான சபதம். வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவர் முட்டாளும் இல்லை. பக்கத்து அறையில் மனைவி இருந்தாள்.

அந்த வீட்டுச் சட்டம் எளிமையானது. சமைப்பது அவள், துலக்குவது அவர். கல்யாணமான புதிதில் காதல் தலைக்கேறி அவரே ஒப்புக்கொண்டது. அப்போது வீட்டில் இருந்தது இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு வாணலி. அப்புறம் பாத்திரங்கள் குட்டி போட்டுப் பெருகின. சட்டம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தான்தான் வண்டியை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பாள். அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். கணவர் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். ஆனால் அது காருக்கு மட்டும் உள்ள ஏற்பாடு என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

நம்ம ஆளுக்கு லிஃப்ட் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. நடுவழியில் லிஃப்ட் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால், "பதறாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். பதறுகிறவர்களோடு பேசிப் பேசி, மனித மனம் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்புதான் அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் மாலை நேர முதுகலைப் படிப்பில் சேர்த்தது. அறிதிறன் அறிவியல். மனிதன் எப்படி யோசிக்கிறான் என்று பல துறைக்காரர்கள் கூடிச் சொல்லித் தருகிற படிப்பு.

மூளை டாக்டர் வந்து படம் காட்டுவார். கணினிக்காரர் கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறி வரைவார். மொழியியல்காரர் அந்தக் கட்டங்களின் பெயரெல்லாம் தப்பு என்பார். தத்துவக்காரர், "மனிதன் யோசிக்கிறான் என்று முதலில் யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நம்ம ஆள் எல்லாருக்கும் சமமாகத் தலையாட்டினார்.

உளவியல் பேராசிரியை மட்டும் தலையாட்டலுக்கு மசியவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு ஆய்வு செய்தாக வேண்டும் என்றார். ஒரு வேலைக்குப் பழக்கமில்லாத ஒருவரை அந்த வேலையைச் செய்யச் சொல்ல வேண்டும். செய்யும்போது மனத்தில் ஓடுவதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து படிக்கலாம்.

"முக்கியமான விஷயம். ஆய்வாளர் குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்த வேலையில் ஒரு விரல்கூட வைக்கக் கூடாது."

ஒரு விரல்கூட! நம்ம ஆளுக்குக் காதில் தேன் பாய்ந்தது. அன்று வீட்டுக்கு வரும்போது படிக்கட்டில் விசிலடித்துக்கொண்டே ஏறினார். பாத்திரம் துலக்குவதுதான் ஆய்வு, துலக்கப் போவது நீ என்று மனைவியிடம் சொன்னார்.

"ஏங்க, துலக்கறது உங்க வேலையாச்சே?" என்றாள் மனைவி.

"அதான் விஷயமே! எனக்குப் பழகிப்போச்சு. பழகாத மனசு எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும். அறிவியலுக்குப் புது மனசு வேணும்மா."

"எத்தனை நாளைக்கு வேணுமாம்?"

"பதிவு போதும்ங்கற வரைக்கும்."

"யார் போதும்னு சொல்லணும்?"

"ஆய்வாளர்தான்," என்று அடக்கமாகச் சொன்னார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் முதல் நாள் வருகிறவர்களை அப்படித்தான் பார்ப்பாள். "சரி," என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே நம்ம ஆள் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருப்பவனுக்கு எங்கே உஷார் வரும்?

ஆய்வு தொடங்குவதற்கு முன்னால் பேராசிரியை, பங்கேற்பாளரிடம் தானே பேச வேண்டும் என்றார். அதுதான் முறையாம். நம்ம ஆள் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"உங்க உரிமைகளைச் சொல்லிடறேம்மா. எப்ப வேணும்னாலும் நீங்க இதுலேர்ந்து விலகிக்கலாம்."

"பாதியிலயா மேடம்?"

"பாதியிலயும். காரணமே சொல்ல வேண்டாம். யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது. நீங்க விலகிட்டா அதுவரைக்கும் எடுத்த பதிவையெல்லாம் அழிச்சிடணும்."

"இப்படியெல்லாம் உரிமை இருக்குன்னு கல்யாணத்தப்ப யாருமே சொல்லலையே மேடம்!"

பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். நம்ம ஆளும் பெருந்தன்மையோடு சிரித்துவைத்தார்.

அன்று மாலையே ஆய்வு தொடங்கியது. தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கால்மேல் கால் போட்டு, பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி குழாயைத் திறந்தாள்.

"தட்டை எடுக்கறேன். யார் தட்டு? இவர் தட்டு. ஓரமா வெங்காயம் ஒதுக்கி வச்சிருக்கார். ஒதுக்கறது இவருக்குக் கைவந்த கலை. எங்க அக்கா வந்திருந்தப்பகூட அவளை இப்படித்தான் பேப்பருக்குப் பின்னாடி உக்காந்து ஒதுக்கினார்."

"அது அன்னிக்கு எனக்குத் தலைவலி..."

"ஆய்வாளர் குறுக்கே பேசறார்னு மனசுல ஓடுது."

நம்ம ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இது வாணலி. என் மாமியார் குடுத்தது. நல்ல கனம். அவங்க பேச்சு மாதிரியே. எவ்வளவு தேய்ச்சாலும் கரி போகலை. இப்ப டம்ளர். அடிப்பக்கம் பளபளன்னு இருக்கு. பார்த்தா எனக்கு யார் தலையோ ஞாபகத்துக்கு வருது. யார் தலைன்னு சொல்ல மாட்டேன். அவரே தடவிப் பாத்துக்கறார்."

உச்சந்தலையிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தார் நம்ம ஆள்.

"இப்ப குப்பைக்கூடையைப் பாக்கறேன். நிரம்பி வழியுது. துலக்கறதுலதானே ஆய்வாளர் விரல் வைக்கக் கூடாது, குப்பைக்கு என்ன விதின்னு மனசு யோசிக்குது."

எழுந்து போய்க் கொட்டிவிட்டு வந்தார். மறுநாள் மனசு ஒட்டடையைப் பற்றி யோசித்தது. அதற்கடுத்த நாள், மாடியில் காயும் துணியைப் பற்றி. ஆனாலும் நம்ம ஆளுக்கு மகிழ்ச்சிதான். கை காய்ந்திருந்தது. விரல் நுனியில் சுருக்கம் இல்லை. ஆபீசில் போனுக்கும் போனுக்கும் நடுவே உள்ளங்கையை மோந்து பார்ப்பார். சோப்பு வாசனை துளியும் இல்லை. அந்தச் சுகத்துக்காக, வழுக்கையைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

பதிவைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை. தொட்டி நிறையப் பாத்திரம். மனைவி ஒரு கரண்டியைக் கையில் எடுத்தாள். பார்த்தாள். திரும்பத் தொட்டிக்குள்ளேயே போட்டாள்.

"நான் விலகிக்கறேன்," என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னது! ஏன்?"

"காரணம் சொல்ல வேண்டாம்னாங்க."

"நாளைக்குக் குடுக்கணுமேம்மா! நீ விலகினா எல்லாத்தையும் அழிக்கணும்! ஒரு வருஷம் போச்சு!"

"பதறாதீங்க. ஆள் வந்துட்டிருக்கு."

"விளையாடாதே. வந்து நில்லு!"

"வற்புறுத்தறீங்களா? மேடத்துக்குப் போன் போடட்டுமா?"

"வற்புறுத்தலை. கெஞ்சறேன்."

"கெஞ்சறதைப் பத்தி மேடம் ஒண்ணும் சொல்லலை. கெஞ்சுங்க, கேப்போம்."

கெஞ்சினார். ஸ்டூலிலிருந்து இறங்கிக் கெஞ்சினார். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டு, விலகவில்லை என்றாள். ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறதாம், மேடத்திடம் கேட்க வேண்டுமாம். அவளே போனைப் போட்டாள்.

"மேடம், பழகாத மனசை இத்தனை நாளா பதிவு பண்ணியாச்சு. பழகின மனசு எப்படி யோசிக்குதுன்னு பாத்தாதானே ரெண்டையும் ஒப்பிட முடியும்?"

மறுமுனையில் பேராசிரியை கூவியே விட்டார். "பிரமாதம்மா! இது இல்லாம ஆய்வே முழுசாகாது. எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கட்டும், நான் தவணை தர்றேன். ஆனா பழகின ஆள் கிடைக்கணுமே?"

"இருக்கார் மேடம். கல்யாணமான நாளா இதே வேலைதான்."

"அப்ப ஆய்வாளரா வேற யாராவது உக்காரணும்."

"நான் உக்காந்துக்கறேன் மேடம். குறுக்கே பேசவே மாட்டேன்."

மனித மனம் அத்துப்படி என்றவருக்குத் தன் மனைவியின் மனம் இத்தனை நாளாக எந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

இடம் மாறியது. தொட்டிக்கு முன்னால் அவர், ஸ்டூலில் அவள். மனத்தில் ஓடியதை வாய்விட்டுச் சொன்னால் குடும்பம் நடத்த முடியாது. அதனால் பேசாமல் தேய்த்தார்.

"மனசுல ஒண்ணுமே ஓடலைன்னு மேடத்துக்குச் சொல்லிடவா?"

"தட்டை எடுக்கறேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார். "தட்டைத் தேய்க்கறேன். தட்டை வைக்கறேன்."

வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. பேராசிரியை இன்னும் கொஞ்சம் பதிவு, இன்னும் கொஞ்சம் பதிவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாக ஒரு நாள், அடிபிடித்த அதே பால் பாத்திரம் கைக்கு வந்தபோது, நம்ம ஆளுக்குப் பொட்டில் அறைந்தாற்போல ஞாபகம் வந்தது. உரிமை! தனக்கும் அந்த உரிமை உண்டே!

"நான் விலகறேன்!" என்று கம்பி நாரை வீசினார். "காரணம் சொல்ல மாட்டேன். யாரும் வற்புறுத்தக் கூடாது!"

மனைவி கோபிக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. "தாராளமா," என்று மடியில் இருந்த கருவியில் எதையோ அழுத்தினாள்.

நம்ம ஆள் வெற்றி வீரராகத் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படி வரை போனார். அங்கேதான் அவருக்கு லேசாக உதைத்தது.

"இப்ப என்ன அழுத்தினே?"

"விலகிட்டா பதிவை அழிச்சிடணும்னு மேடம் சொன்னாங்களே. அழிச்சிட்டேன்." ஸ்டூலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். "கவலைப்படாதீங்க, மேடம்தான் தவணை தர்றாங்களே, குடுக்க வேண்டிய பதிவை நாளைக்கு முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடலாம். இன்னிக்கு மட்டும் ஆராய்ச்சி இல்லாம, பழையபடி சும்மா துலக்கிடுங்க."