அரை மணி நேர அதிகாரி

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. குடிமக்கள் மேல் பாசத்தைக் கொட்டிய ஓர் உத்தம அதிகாரியின் சரித்திரம் சொல்கிறேன்.

அவர் "வரித்துறை உயரதிகாரி". முகம் பார்த்தவர் யாருமில்லை, குரல் மட்டும்தான். சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த ஒரு தையல்காரரை, ஒருநாள் காலை தாமாகவே போனில் அழைத்தார்.

"உங்க பேர்ல வரி பாக்கி சார். அரை மணி நேரத்துல கட்டலேன்னா போலீஸ் வரும்."

தையல்காரருக்கு மிஷின் மிதியிலிருந்து கால் நழுவியது. கையில் இருந்த பணம் மனைவியின் கண் ஆபரேஷனுக்கு. அடுத்த வாரம் தேதி.

"ஐயா, ஆபீசுக்கே வந்து கட்டிடறேனே?"

"உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? அந்தப் பணத்துக்குக் கடையில கிஃப்ட் கார்டு வாங்கி, அதுல இருக்கிற நம்பரை எனக்குப் படிங்க. வீட்ல சொல்லாதீங்க, பாவம், பயந்துருவாங்க. லைனையும் கட் பண்ணாதீங்க."

என்ன கருணை! வரியைப் பரிசாக வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நிர்வாகம் வளர்ந்துவிட்டது நமக்குத்தான் தெரியாமல் போயிற்று.

தடவித் தடவிப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "பணத்தோட எங்க கிளம்பிட்டீங்க?"

பதில் சொல்வதற்குள் வாசலில் ஒருவர். "மாஸ்டர், என் சட்டை?"

"அரை மணி நேரத்துல ரெடி!" முப்பது வருடப் பழக்கத்தில் வாய் தானே சொல்லிவிட்டது. துணியை இன்னும் வெட்டக்கூட இல்லை.

தையல்காரர் அப்படியே நின்றார். அரை மணி நேரம் என்று அடித்துச் சொல்கிறவன் லட்சணம் அவரைவிட யாருக்குத் தெரியும்?

போனில் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீயும் இன்னும் துணியே வெட்டலை, இல்ல?"

அதற்கு "உயரதிகாரி" சொன்ன வார்த்தைகள் எந்த அரசிதழிலும் அச்சாகாதவை. லைன் கட் ஆயிற்று.

"ஒருவேளை நிஜ ஆபீசா இருந்தா?" என்றாள் மனைவி.

பழைய வரி ரசீதில் அச்சடித்திருந்த எண்ணுக்கு அடித்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். யாரும் எடுக்கவில்லை.

"இதான் நிஜ ஆபீஸ்" என்றாள் அவள். "போய்ப் பணத்தை உள்ள வைங்க."

உங்க வீட்டுப் பெட்டி நிறைஞ்சிருக்கட்டும் கண்ணுகளா, கண்ணெல்லாம் தெளிவா இருக்கட்டும். திருடன் பாசமாக் கூப்பிடுற இந்த ஊர்ல, அந்த ஆபீஸ் போனையும் நீங்க உயிரோட இருக்கும்போதே ஒருத்தர் எடுக்கட்டும்.