மாப்பிள்ளை தெளிவாக்கிய எழுத்து

“நல்லா இருந்த கம்ப்யூட்டர் பொட்டியில லினக்ஸப் போட்டுக் கெடுத்தது நீ. எழுத்தெல்லாம் மழையில நனைஞ்ச போஸ்டர் மாதிரி தெரியுதுன்னு பிள்ள சொல்லுது.”

பால்சாமியின் குரல் அவரது ஏலக்காய்க் கடையைத் தாண்டி, எதிரே இருக்கும் ஜீப்பு ஸ்டாண்டு வரைக்கும் போனது.

“மாமா, லினக்ஸுல வைரஸ் வராது,” என்றான் விஜயகுமார்.

“எழுத்தும் வரலையே மாப்ளே. வெரசா தெளிய வையி. இல்லேன்னா பொட்டிய மட்டுமில்ல, மாப்பிள்ளையவும் மாத்திப்புடுவேன்.”

மாமன் மகள் சுசித்ராவைத் தை மாதம் அவனுக்குக் கட்டிவைப்பதாகப் பேச்சு.

கடைக் கணக்கையும் விலையையும் கணினியில் அடிக்கும் சுசித்ரா அடக்கமான பெண். போடியில் அதைச் சொல்லாதவர் இல்லை. வயசுப் பிள்ளை தெருவைப் பார்த்து உட்காரக் கூடாதென்று பால்சாமியே அவள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். போனையும் வாங்கிப் பீரோவில் பூட்டியாயிற்று. தெருவில் போகிறவர்களுக்கு அவள் பின்னலும், அதற்கு மேலே கணினித் திரையும்தான் தெரியும்.

விஜயகுமார் முதலில் எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் வசதியை நிறுத்தினான். எழுத்துகள் கருவாட்டு முள்ளாகக் குத்திட்டு நின்றன. வெளியே ஜீப்பு ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

“இன்னும் தெளியல அத்தான்,” என்றாள் சுசித்ரா, திரும்பாமலே.

எழுத்தைத் திரைப் புள்ளிகளுக்குள் இழுத்துப் பொருத்தும் ஹிண்டிங்கை முழுசாக ஏற்றினான். கொம்பும் காலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மறுபடியும் இரண்டு ஹாரன்.

“முந்திக்கு இது மோசம் அத்தான்.”

“சனியன் பிடிச்ச ஜீப்பு,” என்றார் பால்சாமி.

அடுத்து எதையோ தட்டினான். எழுத்துக்கெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கரை கட்டிக்கொண்டது, திருவிழா சீரியல் லைட்டு போல. ஹாரன். சுசித்ரா பெருமூச்சு விட்டாள்.

கடைசியில் மனம் வெறுத்து, தடித்த தமிழ் எழுத்துரு ஒன்றை இறக்கி மும்மடங்கு பெரிதாக்கினான். திரையில் நாலே வரி நின்றது. ஹாரன் ஒரே ஒரு தடவை, நீளமாக அடித்தது.

“ஏலே, நம்ம வெலைய ஊரே வாசிக்கும்டா,” என்று அலறினார் பால்சாமி.

“இப்பத்தான்ப்பா கண்ணு வலிக்காம இருக்கு,” என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அத்தானைப் பார்த்துச் சிரித்தாள் சுசித்ரா. அவன் தரையில் நடக்கவில்லை. குரங்கணி மலை உச்சியில் நடந்தான். பால்சாமியும் இறங்கிவந்து மண்டபத்துக்குச் சொல்லிவைத்தார்.

கார்த்திகையில் சுசித்ரா, ஜீப்பு ஓட்டும் சின்ராசுவைக் கட்டிக்கொண்டு வண்டன்மேட்டுக்குக் குடிபோய்விட்டாள். கையில் போன் இல்லாதவள் எப்படிப் பேசி முடித்தாள் என்று ஊர் மண்டையை உடைத்துக்கொண்டது. நமக்கும் அதே கவலைதான்.

விஜயகுமார் தாடியோடு ஜீப்பு ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து காசை நீட்டினான். கடைக்கார மாயக்காள் வாங்கவில்லை.

“வேணாம் தம்பி. சின்ராசு சொல்லிட்டுத்தான் போனான்: ‘ஜீப்ப விட்டு எறங்காமயே அவ அடிக்கிறதப் படிக்கிற மாதிரி எழுத்தப் பெருசாக்கிக் குடுத்தாருல்ல, அந்த அண்ணனுக்கு என் கணக்குல ஒரு டீ குடுக்கா’ன்னு.”