அரை நொடி அறிவாளி

உலகத்தில் அறிவாளிகள் இரண்டு வகை. கேள்வி கேட்டதும் பதில் சொல்கிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி நமக்கு என்ன கவலை? எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். இன்னொரு வகை, பதில் வெளியே வந்து விழுந்த பிறகு, அது தரையைத் தொடுவதற்குள் பாய்ந்து பிடித்து, "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்கிறவர்கள். நாலு பேர் சேர்ந்து தொலைக்காட்சி பார்க்கிற எந்த வீட்டிலும் இவர்களில் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ரிமோட் அவர் கையில்தான் இருக்கும்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு டைல்ஸ் கிடங்கின் மேலாளர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஸ்பிரிங் போன சோபாவில் தனக்கென்று உண்டான பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தால் வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கும். போட்டியாளர் யோசித்தால் இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இதுகூடத் தெரியலையா? இவனையெல்லாம் யாரு உள்ள விட்டது?" சரி, நீங்கள்தான் சொல்லுங்களேன் என்று யாராவது கேட்டுவிட்டால்? "நான் சொல்லிட்டா உங்களுக்கு சுவாரசியம் போயிடும்." என்ன பெருந்தன்மை! திரையில் நான்கு விடைகளும் வரும்போது அவர் உதடுகள் நான்கையும் சத்தமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வரும். எந்த விடையில் பச்சை விளக்கு எரிகிறதோ அதற்கு மட்டும் குரல் கொடுப்பார். இடைவெளி அரை நொடி. இது லேசுப்பட்ட வித்தை இல்லை. நீங்கள் முயன்று பாருங்கள், ஒரு நொடியாவது ஆகும்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே வருஷக்கணக்கில் படித்துப் பழகியவளுக்குக் கணவரின் உதட்டைப் படிப்பதா கஷ்டம்? இருந்தாலும் வாயைக் கொடுத்து வம்பை வாங்குவானேன் என்று பேசாமல் இருந்தாள். ஆனால் அவளுடைய தம்பி அப்படி இல்லை. அவன் அந்த நிகழ்ச்சி பதிவாகிற அரங்கிலேயே விளக்குப் போடுகிறவன். "நான் மட்டும் அந்த நாற்காலியில உக்காந்தேன்னு வை..." என்று மாமா நூறாவது தடவை ஆரம்பித்தபோது, பார்வையாளர் சீட்டு இரண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"நாற்காலி இல்ல மாமா, பெஞ்சுதான். சும்மா கைதட்டினா போதும்."

கைதட்டப் போகிறவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானும் துளையும் எப்போதோ பிரிந்துபோன தம்பதி. எவ்வளவு இழுத்தும் சேர மறுத்தன.

"வேடிக்கை பாக்கறதுக்கு எதுக்குங்க கோட்டு?"

"கேமரா எந்தப் பக்கம் திரும்பும்னு யார் கண்டா?"

ரயிலில் ஐந்தே நிறுத்தம். எதிர் இருக்கையில் ஒரு பெண், மடியில் ஒரு பொது அறிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டுவது அவள் தொழில். இன்றைய போட்டியில் கலந்துகொள்கிறவர்களில் அவளும் ஒருத்தி என்று தெரிந்ததும் நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோட்டும் ஒரு தையல் விட்டது.

"கேளும்மா, கேளு. உனக்கும் ஒரு பயிற்சியாச்சு."

அவள் புத்தகத்தைப் பார்த்து, "தேனீக்குக் கண் எத்தனை?" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியைச் சுருக்கினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "அஞ்..." என்று வாயெடுக்க, "அஞ்சு!" என்று போட்டார் ஒரு போடு. வீட்டில் என்றால் அந்த அரை நொடி எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். ரயில் போட்ட தடதட சத்தத்தில் அது எங்கேயோ தண்டவாளத்தில் விழுந்து தொலைந்துவிட்டது. அவள் காதுக்கு இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னதுபோலவே இருந்தது. ஐந்து நிறுத்தமும் இப்படியே போயிற்று.

"ஐயோ சார், புத்தகத்தையே கரைச்சுக் குடிச்சிருக்கீங்க! நீங்க ஏன் கலந்துக்கல?"

"பாவம், மத்தவங்களும் ஜெயிக்கணும் இல்லையா?"

மனைவி ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற மின்கம்பங்களை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரங்கத்தில், காதில் கருவி மாட்டிய ஓர் அம்மாள் பார்வையாளர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கினால் கைதட்ட வேண்டும். விரலைச் சுழற்றினால் சிரிக்க வேண்டும். கன்னத்தில் கைவைத்தால் ஆச்சரியப்பட வேண்டும். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே இவற்றையெல்லாம் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்களாம். மேடையில் ஈ, காக்கை இல்லை. ஒரு காலி நாற்காலியைப் பார்த்து நூறு பேர் வாயைப் பிளந்தார்கள். ஒருவர் மட்டும் பிளக்கவில்லை.

"கோட்டு சார், நீங்களும் ஆச்சரியப்படுங்க!"

"தெரிஞ்ச விஷயத்துக்கு எப்படிம்மா ஆச்சரியப்படறது?"

பதிவு தொடங்கியது. நாற்காலியில் நாய்க்காரப் பெண். சூரியனை வேகமாகச் சுற்றும் கோள் எது என்று நடத்துநர் கேட்டார், புதன் என்று அவள் சொன்னாள், அந்த நேரம் பார்த்து மைத்துனனின் விளக்கு ஒன்று அணைந்தது. மறுபடியும் எடுக்க வேண்டும். நடத்துநர் அதே கேள்வியை, முன்பின் கேட்டறியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "புதன்!" என்று பெஞ்சிலிருந்து ஒரு முழக்கம். வாழ்க்கையில் முதல் தடவையாக நம்மவர் முந்திக்கொண்டுவிட்டார். அக்கம்பக்கம் பெருமையோடு ஒரு பார்வை வேறு.

"சார், இப்பத்தானே அவங்க சொன்னாங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அவங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியுமே!"

கருவி அம்மாள் ஓடி வந்து எச்சரித்தாள். இனி யாராவது வாயைத் திறந்தால் போட்டியாளரைத்தான் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். மனைவி அவர் கோட்டின் நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் மளமளவென்று ஏறினாள். கடைசிக்கு முந்தின கேள்வியில் ஒரு சின்ன வேன் பரிசாக வந்தது. இதுவரை நாய்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வருகிறவள். பாதிக் கண்டக்டர்கள் ஏற்றுவதே இல்லை. இனி வீடு வீடாக வேனிலேயே போகலாம். இதை நடத்துநரிடம் சொல்லும்போதே அவள் கை இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டும் நிறுத்திக்கொள்ளலாம்; நிறுத்தினால் வேன் அவளுக்கு. சரியாகச் சொன்னால் வேனோடு பணமும் உண்டு; தவறாகச் சொன்னால் வேனும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள்? ஏழா, பதினாலா, இருபத்தொன்றா, இருபத்தெட்டா?

அவள் விழித்தாள். பார்வையாளர்களில் ஒருவரிடம் உதவி கேட்கலாம் என்று விதி இருக்கிறது.

"அதோ, அந்தக் கோட்டு போட்ட சார். ரயில்ல நான் கேட்ட எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்னாரு. அவர் என்ன சொல்றாரோ அதுதான் சார் என் பதில்."

மைக் வந்தது. நம்மவர் எழுந்தார். உதடுகள் பழக்கப்படி நான்கு விடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தயாராக நின்றன. பச்சை விளக்கு எரியட்டும், சொல்லிவிடலாம். எரியவில்லை. இன்னொரு சுற்று வந்தார். அப்போதும் எரியவில்லை.

"சொல்லுங்க சார், நேரம் ஓடுது."

"எனக்கென்ன, சொல்லிடறேன். நீங்க முதல்ல விளக்கைப் போடுங்க."

அரங்கம் சிரித்தது. யாரும் விரலைச் சுழற்றாமலே சிரித்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியாது; ஆனால் தெரியாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம். இவருக்கு அது புதுசு. நாக்கு நுனியில் இருபத்தெட்டு வந்து நின்றது. அவ்வளவு நீளக் கழுத்துக்கு அதற்குக் குறைவாகக் கொடுத்தால் நியாயமா? சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தவர், அந்தப் பெண்ணைப் பார்த்தார். நாற்காலி நுனிக்கு நகர்ந்து, இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுச் சட்டையின் கைப்பக்கம் வெள்ளை வெள்ளையாக நாய்முடி. முகத்தில் துளி சந்தேகம் இல்லை. இவருடைய பதிலுக்காக இதுவரை யாருமே இப்படிக் காத்திருந்ததில்லை, வீட்டிலும் சரி, கிடங்கிலும் சரி. அதில் அவருக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. அடுத்த கணம் அவளுடைய வேன் நினைவுக்கு வந்தது.

"தெரியாது" என்றார்.

கருவி அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மைக்ல விழல சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

ஒரு தடவை சொல்லவே உயிர் போய் உயிர் வந்திருந்தது. இன்னொரு தடவையா? "தெரியாதும்மா" என்றார். மேலே கம்பிகளுக்கு நடுவிலிருந்து மைத்துனன் குரல் வந்தது: "மாமா, முகத்துல நிழல் விழுது. தலையை நிமிர்த்திச் சொல்லுங்க." நிமிர்த்திச் சொன்னார். பிறகு இடப்பக்கக் கேமராவுக்கு ஒரு தடவை வேண்டும் என்றார்கள், கொஞ்சம் மனசாரச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார்கள். நம்மவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் விரித்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா!" ஆயுசில் ஒரு தடவைகூடச் சொல்லாத சொல்லை, விளக்குப் போட்டு, நாலு தடவை. கருவி அம்மாள் கையைத் தூக்க, நூறு பேர் கைதட்டினார்கள்.

நாய்க்காரப் பெண் அத்தோடு நிறுத்திக்கொண்டு வேன் சாவியை வாங்கிக்கொண்டாள். போகும்போது அவரிடம் வந்தாள்.

"நீங்க எதைச் சொல்லியிருந்தாலும் அப்படியே சொல்லியிருப்பேன் சார். நல்ல வேளை!"

"எனக்கு இருபத்தெட்டுன்னு தோணிச்சு."

"எனக்கும்தான் சார்!"

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. அவர் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மனைவிக்கே பாவமாகிவிட்டது.

"இன்னைக்குத்தாங்க கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொன்னீங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

அவர் யோசித்தார். "நல்லா இருந்துச்சு, இல்ல?"

"எது?"

"அந்த நாலாவது தடவை. கையை விரிச்சேன் பாரு."

ஆசாமி திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மறுநாள் சாயங்காலமே சோபாப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். அவரை விடுங்கள். ஒட்டகச்சிவிங்கி விஷயம் பாக்கி இருக்கிறதே? ஏழா, பதினாலா, இருபத்தொன்றா, இருபத்தெட்டா? அவசரம் இல்லை, யோசியுங்கள். இங்கே கேமராவும் கிடையாது, வேனும் கிடையாது.

ஏழுதான். நமக்கு எத்தனையோ அத்தனையேதான் அதற்கும்.

இப்போது லேசாகத் தலையாட்டினீர்களே, அது விடையைப் படிப்பதற்கு முன்பா, படித்த பிறகா?