வெள்ளிக்கிழமை வரை பதறக்கூடாது

பஸ்ஸில் நம்மவர் இடது கையால் எதையுமே பிடிக்கவில்லை. ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். கதவைத் திறந்த மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கையில என்னங்க அடி?"

"அடி இல்ல. வார்த்தை."

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பேனாவால் எழுதிய ஆங்கில எழுத்துகள், வியர்வையில் பாதி கலைந்திருந்தன.

நம்மவருக்கு வேலை, சலவை இயந்திரக் கம்பெனியின் புகார் பிரிவில். நாள் முழுக்க யாராவது போனில் கத்துவார்கள். இவர் "சரிங்க" என்பார். ஆபீசில் அவருக்குப் பெயரே 'சரிங்க' என்று ஆகிவிட்டது. அன்று மாலை கையெழுத்து வாங்க மேனேஜர் அறைக்குப் போனபோது, மேஜையில் ஒரு தாள் திறந்து கிடந்தது. சூப்பர்வைசர் பதவிக்கான பட்டியல். இரண்டு முறை இவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குப் போன பதவி அது. இந்த முறை இவர் பெயருக்கு நேராக மேனேஜர் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார். ரகசியத் தாளைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, ஆபீசில் யாரிடம் போய் அர்த்தம் கேட்பது?

மகள் அகராதியைப் புரட்டினாள்.

"ஃப்ளெக்மாடிக்! லேசுல பதறாத, எதுக்கும் உணர்ச்சிவசப்படாத ஆளுன்னு அர்த்தம்ப்பா."

"இதைத்தானே நானும் பத்தொன்பது வருஷமா சொல்றேன், இடி விழுந்தாலும் அசையாத மனுஷன்னு!" என்றாள் மனைவி.

"நீ அதைத் திட்டா சொல்லுவே."

"ஓகோ, இங்கிலீஷ்ல சொன்னா பாராட்டாக்கும்?"

"உதாரணம் கூட இருக்குப்பா. 'கப்பல் மூழ்கும்போதும் கேப்டன் ஃப்ளெக்மாடிக்காக இருந்தார்.'"

நம்மவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அப்புறம் கப்பல் என்னாச்சு?"

"அது போடலப்பா."

வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள். இன்று செவ்வாய். இன்னும் மூன்றே நாள் பதறாமல் இருந்தால் போதும். இத்தனை வருஷம் இருந்தவருக்கு மூன்று நாள் ஒரு பெரிய விஷயமா?

ஆனால் மறுநாள் காலையில் பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானது. வழக்கமாக அவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். இன்று 'நான் பதறுகிறேனா?' என்று மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். வேகமாக அடித்தது. அதைக் கண்டதும் இன்னும் வேகமாக அடித்தது. ஆபீசில் டெலிபோன் மணி அடித்தபோது நாற்காலியிலிருந்து அரையடி எழும்பினார். பதறிவிடுவோமோ என்று மனுஷன் பதறத் தொடங்கிவிட்டார்.

"பழக்கம் வேணும்" என்று வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்தார். "நீ என்னைத் திட்டு. நான் அசையாம உட்காருறேன்."

"சும்மா எப்படிங்க திட்டுறது?" என்று தயங்கினாள் மனைவி.

"முயற்சி பண்ணு."

முயற்சி செய்தாள். முதலில் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதில் ஆரம்பித்தாள். சூடு பிடித்ததும் சமையலறைக் குழாய்க்கு வந்தாள். பிறகு, குழந்தை பிறந்த செய்தியைக் கேட்டு ஆஸ்பத்திரியில் அவர் "சரிங்க" என்று சொன்னதற்குப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, நம்மவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை குறையை மனதில் வைத்துக்கொண்டா இவள் தினமும் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள் என்று நினைத்து நினைத்து, அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

வியாழன் காலையில் மனைவியே வழி சொன்னாள். "யார் பேசினாலும் மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அப்புறம் வாயைத் திறங்க."

எண்ணினார். எதிர்முனையில் இருந்தவர்கள், "ஹலோ? ஹலோ?" என்று கத்திப் பார்த்துவிட்டு, லைன் செத்துவிட்டது என்று நேரே மேனேஜருக்குப் போன் போட்டார்கள். ஒரு அம்மாள், "என் மெஷின் எத்தனை நாள்ல சரியாகும்?" என்று கேட்டபோது, எண்ணிக்கை வாய் தவறி வெளியே வந்துவிட்டது.

"எட்டு" என்றார் நம்மவர்.

"எட்டு நாளா!"

"ஒன்பது" என்றார்.

அந்த அம்மாளும் மேனேஜருக்கே போன் போட்டாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பெண், தண்ணீர் சொட்டும் பையோடு வந்து மேஜை முன்னால் நின்றாள். நம்மவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். கத்தட்டும், அசையக்கூடாது.

அவள் கத்தவில்லை.

"நாலு தடவை ஆள் அனுப்பினீங்க, சார். நாலு தடவையும் துவைக்கும்போது மெஷின் நடுவுலயே நின்னுபோச்சு. ரெட்டைப் பிள்ளைங்க, கையால துவைச்சு மாளல." பையைத் தரையில் வைத்தாள். "பரவாயில்லைங்க. பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களால ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும்."

திட்டுக்குத்தான் அவர் தயாராக இருந்தார். பரிதாபத்துக்குப் பயிற்சி எடுக்கவில்லை.

ரிப்பேர் பிரிவுக்குப் போன் போட்டார். "சரிங்க பேசுறேன்" என்று ஆரம்பித்தவர், "நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்ற பதிலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"நாளைக்கா? யாருக்கு நாளைக்கு? நாலு தடவை போய் என்னய்யா பண்ணீங்க, மெஷினுக்கு முகம் கழுவி விட்டீங்களா? இன்னைக்கு மூணு மணிக்குள்ள அவங்க வீட்டுல புது மெஷின் ஓடணும்! இல்லேன்னா இந்த ஈரத் துணி மொத்தத்தையும் உன் டேபிள்ல கொண்டுவந்து காயப்போடுவேன்!"

ரிசீவரை வைத்த சத்தத்தில் ஆபீசே திரும்பிப் பார்த்தது. கண்ணாடி அறையில் மேனேஜர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, அந்தத் தாளை இழுத்துப் பேனாவை எடுத்தார்.

நம்மவர் ரிசீவரை மறுபடி எடுத்தார். வீட்டுக்குப் போன் செய்தார்.

"போச்சு. எல்லாம் போச்சு. எல்லார் முன்னாலயும் கத்திட்டேன்."

"நீங்களா? கத்தினீங்களா?" பிறகு அவள் குரல் தழைந்தது. "போனா போகுதுங்க. அந்தப் பதவி இல்லாமலா இத்தனை நாள் நாம சந்தோஷமா இல்ல? நீங்க நேரத்தோட வீட்டுக்கு வாங்க."

அதைக் கேட்டதும்தான் அவருக்கு மூச்சே சீராக வந்தது. அப்போது டீ கொடுக்கும் அம்மாள் மேனேஜர் அறையிலிருந்து தட்டோடு வெளியே வந்து, அவர் முன்னால் ஒரு கப்பை வைத்தாள்.

"சூப்பர்வைசர் சார், டீ! உங்க பேருக்குப் பக்கத்துல என்னவோ ஒரு வார்த்தை இருந்துச்சாம்ல, 'ரெண்டு தடவையும் இந்தக் குறைக்காகத்தான் இந்த ஆளைத் தள்ளி வெச்சேன், நல்லவேளை, இன்னைக்கு அது தீந்துடுச்சு'ன்னு சொல்லிக்கிட்டே மேனேஜர் அதை அடிச்சிட்டாரு."