ஏறின பிளேனிலேயே இறங்கிய அண்ணாச்சி

திருடனுமில்லை, ஒன்றுமில்லை, செல்வி. விடிகிற நேரத்தில் என் ஏணியில் கைப்பிடியாகத் தொங்குகிற கயிற்றை ஒரு ஆள் பிடித்து இழுத்ததைப் பார்த்துப் பயந்துவிட்டாயாக்கும். நீ இந்தச் சந்துக்குக் குடிவந்து நாலு நாள்தானே ஆகிறது. அது செக்கிங் அண்ணாச்சி. செய்த காரியத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் தாராவி முழுக்க இருக்கிறார்கள். செய்யாமல் திரும்பி வந்ததைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஒரே மனுசன் இவர்தான். உட்கார், தண்ணீர் வர இன்னும் நேரம் இருக்கிறது.

பெயரைக் கேட்டு ரயிலில் டிக்கெட் கேட்கிறவர் என்று நினைத்துவிடாதே. பட்டாளத்தில் பிளேனிலிருந்து குதிக்கிற வேலை பார்த்தவர். பென்ஷன் வந்த பிறகும் ஆசை விடவில்லை. வாரநாளில் மச்சானுடைய பை தைக்கிற பட்டறை. சனி, ஞாயிறு ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போய், காசு கட்டி வருகிறவர்களைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வானத்திலிருந்து குதிப்பார்.

அந்தப் பழக்கம் தரைக்கு வந்தாலும் விடாது. இந்தச் சந்தில் பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளையும் அவரிடம் பையைக் காட்டாமல் தாண்ட முடியாது. பட்டையை மூன்று முறை இழுப்பார். சயான் ஸ்டேஷனில் ரயில் வருவதற்கு முன்னால் தன் தோளைத் தட்டுவார், நெஞ்சைத் தட்டுவார், தொடை இரண்டையும் தட்டுவார். குதிக்கும்போது பட்டை இருக்கிற இடங்களாம் அவை. பக்கத்தில் நிற்கிறவன் பிக்பாக்கெட் வந்துவிட்டான் என்று தன் பாக்கெட்டைத் தட்டுவான். அவனைப் பார்த்து அடுத்தவன் தட்டுவான். பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் அது போகும்.

கையில் பெரிய கடிகாரம் மாதிரி ஒன்று கட்டியிருப்பார். அது நேரம் காட்டாது, உயரம் காட்டும். மணி என்ன அண்ணாச்சி என்று கேட்டால், முள்ளைப் பார்த்து, "தரையிலதான் இருக்கோம்" என்பார்.

குதிக்கிறவர் முதுகில் ரெண்டு குடை இருக்குமாம், ஒன்று விரியாவிட்டால் இன்னொன்று. அதனால் வீட்டிலும் எல்லாம் ரெண்டு. ரெண்டு பூட்டு, ரெண்டு டார்ச், மழைக்கு ரெண்டு குடை. அவர் சம்சாரம் செண்பகம் குழாயடியில் சொல்வாள்: "நல்லவேள, பொண்டாட்டில மட்டும் ஸ்பேர் கேக்கல."

எத்தனை தடவை குதித்தீர்கள் என்று கேட்டுப் பார். "ஆயிரத்துக்கு மேல இருக்கும்" என்று கொட்டாவி விடுவார். "ஆனா ஏறுன பிளேன்லயே எறங்குனது பதினோரு தடவ" என்று அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார். காற்று அதிகம், ஒரு கொக்கி சரியில்லை, ஒரு நாள் மனசு சரியில்லை. பதினொன்றையும் வரிசையாகக் கேட்காமல் எழுந்திருக்க முடியாது.

எனக்கு எப்படி அந்த ஆசை வந்தது தெரியுமா? ஒரு நாள் குழாயடியில் வாய்தவறி, "நானும் ஒருநா குதிக்கத்தான் போறேன்" என்றேன். எதிர்வீட்டுப் பாக்கியம் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏணில எறங்கவே முருகனக் கூப்புடுதவ, பிளேன்ல இருந்து குதிக்கப் போறாளாம்."

சந்து முழுக்கச் சிரித்தது. ஐம்பது வருஷமாக இந்த இரும்பு ஏணியைத் தவிர வேறு எதிலிருந்தும் இறங்காதவள் நான். அன்றைக்கு முடிவு செய்தேன், பாக்கியத்தின் கண்முன்னால் குதிக்காமல் விடுவதில்லை என்று. கோபர்கைரனேயில் இருக்கிற என் மகன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

முதலில் டாக்டர் சீட்டு. பிறகு எடை. வீட்டு மெஷின் பொய் சொல்லும் என்று பங்கார் கடைக்குக் கூட்டிப்போய், பழைய இரும்பு நிறுக்கிற தராசில் என்னை ஏற்றினார். எனக்குப் பின்னால் ஒரு ஃப்ரிட்ஜ் கதவு காத்திருந்தது. பிறகு இங்கிலீஷில் நாலு பக்கம் பேப்பர்.

"படிச்சுக் காட்டாம கைநாட்டு வாங்க மாட்டேன்க்கா" என்று அந்த ஏணிப்படியில் உட்கார்ந்து, செத்தால் என்ன, கால் ஒடிந்தால் என்ன என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"என் கல்யாணத்துலகூட ஒருத்தரும் இப்படி வெளக்கிச் சொல்லலயே அண்ணாச்சி" என்றேன்.

உள்ளே படுத்திருந்த என் வீட்டுக்காரர், "சொல்லிருந்தா நானும் கேட்டுருப்பேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்திலிருந்து ஒரு டெம்போ நிறைய, பதினாலு பேர், புளியோதரையோடு மைதானத்துக்கு வந்தார்கள். பேத்தியுடைய பேன்ட்டும் ஷூவும் போட்டுக்கொண்டேன். வளையல் கழற்றினேன், பூ எடுத்தேன், கொண்டை ஊசி எடுத்தேன். தாலியைக் கழற்ற மாட்டேன் என்றதும் அதை உள்ளே விட்டு இறுக்கிக் கட்டச் சொன்னார். "மேல வேற சாமான் எதும் இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

பிளேன் மேலே போயிற்று. மற்றவர்கள் எல்லாரும் குதித்துவிட்டார்கள். கதவு திறந்து கிடக்கிறது, காற்று கன்னத்தில் அறைகிறது. கடைசியாக ஒரு தடவை அண்ணாச்சி பின்னாலிருந்து என் நெஞ்சுப் பட்டையை இறுக்கினார். நான் ஐயோ என்றேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல, ஊக்கு குத்திட்டு."

"என்ன ஊக்கு?"

"தாலில கெடக்க ஊக்குதான். அஞ்சோ ஆறோ."

"கீழ மூணு தடவ கேட்டேன்லா?"

"சாமான் எதும் இருக்கான்னு கேட்டிய. ஊக்கு சாமானா?"

நீயே சொல்லு செல்வி. முந்தானைக்கு ஒன்று, கொசுவத்துக்கு ஒன்று, அவசரத்துக்கு நாலு. தாலிச் செயினில் தொங்குகிற ஊக்கை எவளாவது சாமான் என்று நினைப்பாளா? உன் கழுத்திலும் மூன்று தெரிகிறது.

"எறங்குதோம்" என்றார்.

"குதிக்கவா?"

"ஏறுன பிளேன்லயே."

"ஒரு நிமிசம், கழத்தித் தூரப் போட்டுருதேன்."

"தொறந்த ஊக்கு பட்டைக்கு அடில கெடக்கு. அத எடுக்கணும்னா பட்டைய லூசாக்கணும். வானத்துல வச்சு நான் பட்டைய லூசாக்க மாட்டேன்."

"கீழ பாக்கியம் நிக்கா. என் மானம் போயிரும் அண்ணாச்சி."

"மானம் கீழதான கெடக்கும். போயி எடுத்துக்கிடலாம்."

கீழே நம் சந்துக்காரர்கள் வானத்திலிருந்து இறங்குகிற குடைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒன்று குறைகிறது. பிளேன் நின்று நான் இறங்கியபோது, என் வீட்டுக்காரர் என் செருப்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பாக்கியம் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். அழுத அழுகையில் கேலி செய்ய மறந்துபோனாள். டெம்போவில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. தாராவி வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

அண்ணாச்சி முன்சீட்டிலிருந்து திரும்பி, "தப்பு எம்மேல. ஊக்குன்னு பேரு சொல்லிக் கேக்கல" என்றார்.

அடுத்த ஞாயிறு ஒரு சில்வர் டப்பாவை நீட்டினார். ஆறு ஊக்கையும் அதில் போட்டேன். குதித்தோம். முதலில் எக்ஸ்பிரஸ் ரயில் கதவில் தலையை நீட்டின மாதிரி ஒரே காற்று. பிறகு மேலே படார் என்று ஒரு இழுப்பு, குடை விரிந்துவிட்டது. விரிந்ததும் சத்தமே இல்லை. ஐம்பது வருஷமாகத் தையல் மெஷினுக்கு நடுவில் தூங்கி எழுந்தவளுக்கு அப்படி ஒன்று இருக்கிறதென்றே தெரியாது. தரை பக்கத்தில் வந்த பிறகுதான் அண்ணாச்சி, "முட்டியச் சேத்து, காலத் தூக்குங்கக்கா" என்றார். உட்கார்ந்தபடியே புல்லில் வந்து இறங்கினேன். இப்போது பாக்கியம் பங்கார் கடைத் தராசில் தினமும் ஏறி இறங்குகிறாள்.

என்னோடு குதித்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அது ஆயிரத்தில் ஒன்று. ஆனால் ஏறின பிளேனிலேயே இறங்கினது இப்போது பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டாவதைத்தான் எல்லாவற்றையும்விட நீட்டிச் சொல்கிறார்.

அன்றிலிருந்துதான் இந்தக் கயிறு இழுக்கிற வேலையும். நான் இறங்குவதற்கு முன்னால் தினமும் வந்து மூன்று இழுப்பு. நான் தூங்குகிறேன் என்று அவர் நினைப்பு. நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பேன். மூன்றாவது இழுப்பு கேட்காமல் காலைக் கீழே வைப்பதில்லை.

ஏட்டி, குழாய் இருமுகிறது, தண்ணீர் வந்துவிட்டது. அந்த ரெண்டு குடத்தையும் எடு, நான் முன்னால் இறங்குகிறேன். முட்டியைச் சேர்த்துக்கொண்டு வா.